பிறந்தது தமிழ்நாட்டில், வளர்வது ஆனேக்கல்லில்: குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு எங்கே விடுபடுகிறது?

ஆனேக்கல்: பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள வட்டம் ஆனேக்கல். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளும் எலக்ட்ரானிக் சிட்டியும் இங்கே உள்ளதால், தமிழ்நாட்டிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் பெருமளவில் வசிக்கின்றன. பெற்றோர் ஊர் மாறுவது குழந்தையின் தடுப்பூசி அட்டையில் தெரிந்துவிடுகிறது. முதல் ஊசிகள் ஒரு மாநிலத்திலும் அடுத்தவை வேறொரு மாநிலத்திலும் போடப்படுகின்றன. சில கட்டங்கள் எங்குமே நிரப்பப்படாமல் நின்றுவிடுகின்றன.

தடுப்பூசியை வேண்டாம் என்று மறுக்கும் பெற்றோரைப் பற்றியே பொதுவெளியில் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் ஆனேக்கல் போன்ற பகுதிகளில் தவணை தவறுவதற்கு மறுப்பைவிட இடப்பெயர்வே கண்ணுக்குத் தெரியும் காரணம். முதல் பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த அன்றே மூன்று மருந்துகள் கிடைத்துவிடுகின்றன: காசநோய்க்கு எதிரான பிசிஜி, போலியோ சொட்டு மருந்தின் தொடக்கத் தவணை, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெப்படைட்டிஸ் பி ஊசி. ஆறாவது வாரத் தவணையும் பாட்டி வீட்டிலேயே முடிந்துவிடும். மூன்றாவது மாதத்தில் தாயும் சேயும் கணவர் வேலை செய்யும் ஊருக்குத் திரும்புகின்றனர். கணக்கு விடுபடத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

காரணங்கள் சிறியவைதாம். தமிழ்நாட்டில் அரசு தடுப்பூசி அமர்வுகள் பொதுவாகப் புதன்கிழமையும் கர்நாடகத்தில் வியாழக்கிழமையும் நடைபெறுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த தாய் புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குச் சென்றால், "நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் கிடைக்கக்கூடும். மறுநாள் கணவருக்கு ஆலையில் பகல் வேலை. அவருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் விடுப்பு இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தால்தான் ஊசி போட முடியும் என்ற நிலையில், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுவதில் வியப்பில்லை. அடுத்த வாரம் அடுத்த மாதமாகிறது. இதை அலட்சியம் என்று மட்டும் கூறிக் கடந்துவிடுவது நியாயமாகாது.

மொழியும் ஒரு தடை. கர்நாடகத்தில் கருவுற்ற தாய்மார்களுக்கு வழங்கப்படும் 'தாயி கார்டு' கன்னடத்தில் இருக்கும். தமிழ்நாட்டின் தாய் சேய் நல அட்டை தமிழில் இருக்கும். ஒடிசாவிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்தவர்களின் அட்டை வேறு எழுத்தில் இருக்கும். தேதிகளும் தடுப்பூசிகளின் சுருக்கப் பெயர்களும் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால், எந்த மாநிலத்து அட்டையையும் செவிலியரால் படித்துவிட முடியும். வேறு மாநில அட்டை இங்கே செல்லாது என்று நினைத்து அதை ஊரிலேயே விட்டுவிட்டு வருவதுதான் சிக்கல்.

ஆஷா பணியாளர் வீடுதோறும் எடுக்கும் கணக்கின் அடிப்படையில், ஒவ்வோர் அமர்வுக்கும் முன்பாக யார் யாருக்கு எந்தத் தவணை என்ற பட்டியல் தயாரிக்கப்படுகிறது. வாடகை அறைக்கு நேற்று வந்த குடும்பமும், கட்டுமான இடத்தின் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பமும் அந்தப் பட்டியலில் தானாக இடம்பெறுவதில்லை. குடிசைப் பகுதிகள், செங்கல் சூளைகள், கட்டுமான இடங்கள், நாடோடிக் குடியிருப்புகள் ஆகியவற்றை 'அதிக ஆபத்துள்ள பகுதிகள்' எனத் தனியே குறித்துத் திட்டமிடும் முறை போலியோ ஒழிப்புக் காலத்தில் வலுப்பெற்றது. நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தையிடம் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் செல்லும் 'இந்திரதனுஷ்' இயக்கம் அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது.

முன்னேற்றம் கணிசமானது. தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காவது சுற்றில் (2015-16), 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றோர் நாட்டளவில் 62 சதவீதம். ஐந்தாவது சுற்றில் (2019-21) இது 76.4 சதவீதமாக உயர்ந்தது. கர்நாடகத்தில் 62.6 சதவீதத்திலிருந்து 84.1 ஆகவும், தமிழ்நாட்டில் 69.7 சதவீதத்திலிருந்து 89.2 ஆகவும் அதிகரித்துள்ளது. எனினும் மாநில சராசரி என்பது நிலையாக ஓரிடத்தில் வாழும் குடும்பங்களையும் இடம்பெயர்ந்தவர்களையும் ஒன்றாகக் கலந்து காட்டும் எண். மீதமுள்ள குழந்தைகள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. அவர்கள் ஒரே தெருவில், ஒரே கொட்டகை வரிசையில் கூடியிருந்தால், தட்டம்மை போன்ற நோய்க்கு அது போதுமானது.

தட்டம்மை ஏன் முதலில் வருகிறது?

எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள் கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடியவர். காற்றின் வழியே பரவும் இந்நோயைத் தடுக்க, சமூகத்தில் 95 சதவீதத்தினர் இரண்டு தவணைகளையும் பெற்றிருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. ஆகவே தடுப்பூசித் திட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது தட்டம்மைதான்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையில் இதுவே நிகழ்ந்தது. கோவண்டி உள்ளிட்ட நெரிசல் மிகுந்த பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தனர். கொரோனா காலத்தில் தவணைகள் தவறியிருந்த குழந்தைகள் பலர் அங்கே இருந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், நோய் பரவும் இடங்களில் 9 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு தவணை செலுத்துவது பற்றிப் பரிசீலிக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளிடம் பாதிப்பு அதிகமாக உள்ள பகுதிகளில், 6 மாதம் நிறைந்தவர்களுக்கும் ஒரு தவணை போடலாம் என்றும் தெரிவித்தது.

நம் ஊர்களில் இந்நோயை மறைக்கும் மற்றொரு பழக்கமும் உண்டு. உடலில் தடிப்பு கண்டால் 'அம்மை வார்த்திருக்கிறது' என்று கூறி, வாசலில் வேப்பிலை செருகி, தலைக்கு நீர் ஊற்றும் நாள் வரை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது தமிழ்க் குடும்பங்களிலும் கன்னடக் குடும்பங்களிலும் காணப்படுகிறது. குழந்தையைத் தனிமைப்படுத்தும் அளவில் அவ்வழக்கம் நன்மையே செய்கிறது. ஆனால் தட்டம்மையால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை அதைத் தொடர்ந்து வரும் நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி ஆகியவற்றால் நிகழ்கின்றன. வைட்டமின் ஏ குறைபாடுள்ள குழந்தைக்குப் பார்வை பறிபோகலாம். ஒன்பதாவது மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ திரவம் முதன்முறையாகக் கொடுக்கப்படுவதும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை தொடர்வதும் கண் நலத்தையும் கருதியே.

தட்டம்மையுடன் சேர்த்துத் தடுக்கப்படும் ரூபெல்லா குழந்தைக்கு லேசான நோய். அது கருவுற்ற பெண்ணைத் தொற்றினால் பிறக்கும் சிசுவுக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு ஆகியவை உண்டாகலாம். இந்த இரு நோய்களுக்குமான கூட்டுத் தடுப்பூசி இயக்கம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இடம் பெங்களூரு என்பது பலருக்கு நினைவிருக்காது. 2017 பிப்ரவரி 5 அன்று அங்கே தொடங்கிய இயக்கத்தில் கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவை முதல் கட்டமாகச் சேர்க்கப்பட்டன. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோர் வரை, ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மறுபடியும் ஒரு தவணை செலுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அப்போது வாட்ஸ்அப் வழியாகப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

அச்சம் முழுக்க வதந்தியால் மட்டும் உண்டாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பின்னர் தமிழ்நாடு அரசு கிராமங்களுக்கே சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, சுகாதார நிலையங்களில் மட்டும் செலுத்த உத்தரவிட்டது. தட்டம்மை ஊசி மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. அதற்கென உள்ள திரவத்தில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதமுள்ளதைக் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் கிருமிகள் பெருகி ஆபத்து விளையும். இன்று குப்பியைத் திறந்த நேரத்தை அதன் மேலேயே எழுதுவது கட்டாயம். அந்த நேரத்தைக் கேட்டறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

இந்த நான்கு மணி நேர விதிக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துத் தவணைகள் இருக்கும். ஒரே ஒரு குழந்தை வந்திருக்கும்போது குப்பியைத் திறந்தால் மீதி வீணாகும் என்று பணியாளர் தயங்க நேரிடுகிறது. ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதே திட்டத்தின் விதி. சில தவணை மருந்து வீணாவதைவிட ஒரு குழந்தை திருப்பி அனுப்பப்படுவது பெரிய இழப்பு.

விடுபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெற்றோரிடம் காணப்படும் குழப்பங்களில் இதுவே முதன்மையானது. எத்தனை மாத இடைவெளி விழுந்திருந்தாலும் முன்பு போட்ட ஊசிகள் கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரங்கள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

எடுத்துக்காட்டாக, தருமபுரியில் பிறந்து, ஆறாவது வாரத் தவணையை அங்கேயே பெற்று, பின்னர் பொம்மசந்திராவுக்கு வந்து வேறெதுவும் போடாத 14 மாதக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். அக்குழந்தை ஆறாவது வாரத்தில் பெற்றவை: போலியோ சொட்டு மருந்து, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெப்படைட்டிஸ் பி, ஹிப் எனப்படும் ஹீமோபிலஸ் கிருமி ஆகிய ஐந்துக்கும் எதிரான பென்டாவேலன்ட் ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து, நிமோகாக்கல் ஊசி, போலியோ ஊசி. விடுபட்டவை பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் ஆகிய மூன்று கட்டங்கள்.

முதல் வயது நிறைவதற்குள் பென்டாவேலன்ட் தொடங்கப்பட்டுவிட்டதால், இக்குழந்தைக்கு மீதமுள்ள இரு தவணைகளையும் அதே ஊசியாகவே போடலாம். ரோட்டா, நிமோகாக்கல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணையைக் காத்திருக்காமல் அன்றைக்கே செலுத்தலாம். இவற்றையெல்லாம் ஒரே நாளில், உடலின் வெவ்வேறு இடங்களில் போடுவது பாதுகாப்பானது. மூன்று நான்கு ஊசிகளைக் கண்டு தாயின் கண் கலங்குவது இயல்பு. எனினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நாள் குறித்தால், அடுத்த வியாழக்கிழமையும் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

குழந்தை ஓராண்டு வரை பென்டாவேலன்ட் ஒரு தவணையும் பெறாதிருந்தால் கணக்கு மாறும். அப்போது டிபிடி எனப்படும் முத்தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் மூன்று முறை போடப்படும். அதற்கு ஏழு வயது வரை வாய்ப்புண்டு. பிசிஜி ஊசியை ஒரு வயது வரையும், போலியோ சொட்டு மருந்தையும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் ஐந்து வயது வரையும் அரசுத் திட்டத்தில் பெறலாம். பிறந்தவுடன் போட வேண்டிய ஹெப்படைட்டிஸ் பி தவணைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது தாயிடமிருந்து சேய்க்குக் கிருமி தாவுவதைத் தடுப்பதற்கானது என்பதால் முதல் நாளைத் தவறவிட்டால் பயன் போய்விடும்.

அட்டை தொலைந்துபோயிருந்தால்? முதலில் பிறந்த மருத்துவமனையிலோ ஊசி போட்ட நிலையத்திலோ உள்ள பதிவேட்டைப் பார்க்கச் சொல்லலாம். பிசிஜி போட்டதற்கு இடது மேல்கையில் உள்ள தழும்பு ஓரளவு சாட்சி. வேறு எந்தச் சான்றும் இல்லாதபோது மருத்துவர் குழந்தையின் வயதுக்கேற்ப மீண்டும் அட்டவணை வகுப்பார். ஏற்கெனவே போட்டதை மறுபடி போடுவதால் கேடு விளையும் என்று அஞ்சி ஒன்றுமே போடாமல் விடுவதுதான் தவறு.

தேசிய அளவிலான 'யூ-வின்' மின்னணுத் தளம் இச்சிக்கலைத் தீர்க்கவே உருவாக்கப்பட்டது. கொரோனா தடுப்பூசிக்குப் பயன்பட்ட கோ-வின் தளத்தைப் போன்று செயல்படும் இது, 2024 அக்டோபர் 29 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தாயின் கைப்பேசி எண்ணில் பதிவான குழந்தைக்கு எந்த மாநிலத்திலும் அடுத்த தவணையைப் பெறலாம். குறுஞ்செய்தியில் நினைவூட்டல் வரும். இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். சிம் அட்டைகளை அடிக்கடி மாற்றும் தொழிலாளர் குடும்பங்களில் பழைய எண்ணுக்கே நினைவூட்டல் சென்றுகொண்டிருக்கும். எண் மாறினால் சுகாதார நிலையத்தில் கூறித் திருத்திக்கொள்வது அவசியம். காகித அட்டையைப் பத்திரப்படுத்தும் தேவை இன்னும் நீங்கவில்லை.

ஒன்றரை வயதுக்குப் பிறகு வரும் மறதி

முதல் ஆண்டில் ஊசிகள் நெருக்கமாக வருவதால் நினைவில் இருக்கின்றன. 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் இரண்டாம் தட்டம்மை-ரூபெல்லா தவணை, முத்தடுப்பூசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ ஊக்கத் தவணை ஆகியவை எளிதில் மறக்கப்படுகின்றன. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறது, தாயும் வேலைக்குத் திரும்பியிருப்பார். அதன்பின் 5 முதல் 6 வயதில் இரண்டாம் ஊக்கத் தவணை, 10 மற்றும் 16 வயதில் ரண ஜன்னி-தொண்டை அடைப்பானுக்கான டிடி ஊசி என அட்டவணை நீள்கிறது. பதினாறு வயது வரை செல்லும் கணக்கு இது என்பதே பல பெற்றோருக்குப் புதிய செய்தி.

ஊக்கத் தவணைகள் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் ஒரு பாடம். சுகாதாரத்தில் முன்னோடி எனப்படும் அம்மாநிலத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கியது. முழுமையாக ஊசி பெறாத பள்ளி வயதினரும் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும் இந்நோயின் நச்சு இதயத்தையும் தாக்கும். அதற்கான எதிர்நச்சு மருந்து எல்லா மருத்துவமனைகளிலும் கையிருப்பில் இருப்பதில்லை.

போலியோ ஞாயிறுகளில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன என்ற கேள்வியும் எழுகிறது. முகாமில் கிடைக்கும் சொட்டு மருந்து போலியோவை மட்டுமே தடுக்கும். அதுவும் வழக்கமான தவணைக்குக் கூடுதலானது, மாற்றானது அல்ல. 2023 ஜனவரி முதல் ஒன்பதாவது மாதத்தில் போலியோ ஊசியின் மூன்றாம் தவணையும் அட்டவணையில் சேர்ந்துள்ளது. பழைய அட்டை வைத்திருப்போர் இதற்கான கட்டம் இல்லாததைக் கண்டு குழம்ப வேண்டாம்.

சளி, லேசான இருமல், சிறு வயிற்றுப்போக்கு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வாரக் கணக்கு தொடங்குகிறது. கடும் காய்ச்சல் இருந்தாலோ முந்தைய தவணைக்குப் பின் வலிப்பு போன்ற தீவிர எதிர்வினை ஏற்பட்டிருந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் நிலையத்திலேயே காத்திருக்குமாறு கூறுவது, அரிதாக உண்டாகும் ஒவ்வாமையை உடனே கவனிப்பதற்காக. பென்டாவேலன்ட் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம். பாராசிட்டமால் அளவைச் செவிலியரே கூறுவார்.

தனியார் மருத்துவமனைகளில் டைபாய்டு, சின்னம்மை, ஹெப்படைட்டிஸ் ஏ முதலியவற்றுக்கும் ஊசி போடப்படுகிறது. இவை இந்தியக் குழந்தை நல மருத்துவர் சங்கத்தின் பரிந்துரைகளில் இடம்பெற்றவை, வசதிக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். அரசு அட்டவணையில் உள்ளவை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வட்ட மருத்துவமனையிலும் 'நம்ம கிளினிக்' மையங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. குடியிருப்புச் சான்றோ கர்நாடக ஆதார் முகவரியோ இல்லை என்பதால் குழந்தைக்கு ஊசி மறுக்கப்படக் கூடாது.

தடுப்பூசி இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. மைசூர் சமஸ்தானத்தில் 1805ஆம் ஆண்டையொட்டி தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அரச குடும்பப் பெண்கள் மூவரை வரைந்தார். அதில் ஒருவர் தம் புடவைத் தலைப்பைச் சற்று விலக்கி மேல்கையைக் காட்டி நிற்கிறார். பெரியம்மைக்கு எதிராக அப்போதுதான் அறிமுகமாகியிருந்த ஊசியை மக்கள் ஏற்கச் செய்வதற்காகவே அவ்வோவியம் வரையப்பட்டது என்பது வரலாற்று ஆய்வாளர் நைஜல் சான்செலரின் கருத்து.

பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை ஆகியவற்றை ஒட்டி ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் தவணைத் தேதி அந்த நாட்களில் விழுகிறதா எனப் பார்த்துக்கொள்ளலாம். விழுந்தால் ஊரில் புதன்கிழமை அமர்விலேயே போட்டுக்கொள்ள முடியும். அட்டை கையில் இருந்தால் போதும். ஆனேக்கல் திரும்பியதும் பகுதியின் ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டால், அடுத்த வியாழக்கிழமைக்கான பட்டியலில் குழந்தை இடம்பெறும்.